ஒரே மொழி, வேறு பள்ளிக்கூடம்

(வேப்பூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்வியைப் பற்றிய ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஒருவர் இந்த மேடையில் பேசவேண்டுமென்பது அறக்கட்டளையின் நிபந்தனை. பொருளைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தை எனக்கே விட்டுவிட்டமையால், பலகாலம் உயர்நிலைப் பள்ளியில் உபாத்தியாயராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையோடு, நெடுநாளாக என் மனத்தை விட்டகலாத ஒரு விஷயத்தை, அதாவது யுத்தத்தினால் ஊரும் வீடும் இழந்து கடல் கடந்து வந்த ஈழத்துப் பிள்ளைகள் நம்முடைய பள்ளிக்கூடங்களில் எவ்வாறு பொருந்தினார்கள், எந்த இடத்தில் இடறினார்கள் என்பதை, உங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும், நான்கு திசைப் பேருந்துகளும் நின்று போகும் கூட்டுரோட்டுக்கும் பேர்போன வேப்பூரில் இதைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். அகதி முகாம்கள் இருக்கின்ற குறிஞ்சிப்பாடியும் அம்பலவாணன்பேட்டையும் நம் மாவட்டத்து ஊர்களே. மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, பெயர் பதியப்பட்டு, புழலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை ஏற்றிய வண்டிகள் இந்தத் திருச்சிச் சாலை வழியாகவே, நம் ஊரைத் தாண்டியே போயிருக்கவேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊரில் நின்றுகொண்டு பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறவன், நெய்வேலிக் களிமண்ணையும் பீங்கான் சூளையையும் உவமையாகக் கூறாமல் விடமாட்டானென்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அந்த உவமை இங்கே ஒவ்வாது. நான் பேசப்போகிற பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் வந்தவர்கள். ஏற்கெனவே வேறொரு பள்ளிக்கூடம் நன்றாகப் பழக்கி அனுப்பியவர்கள். அவர்களுடைய கஷ்டமே அங்கேதான் ஆரம்பமாயிற்று.

ஈழத்துக்கும் நமக்கும் கல்வித் துறையில் இருந்த போக்குவரத்து மிகப் பழையது. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது நம் சிதம்பரத்தில். மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கு நடந்த முயற்சிகளிலும் முன்நின்றார். அங்கிருந்து வந்தவர்கள் அக்காலத்தில் நமக்கு ஆசிரியர்கள்; அவர்களை நாம் வணங்கி வரவேற்றோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களோ படகில் வந்தார்கள், கையில் ஒரு பையோடு வந்தார்கள், பாதிப் பாடப்புத்தகத்தை அங்கே விட்டுவிட்டு வந்தார்கள். அந்த ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் மட்டும் 1,34,000 பேர். மறுபடியும் 1989 ஆகஸ்டிலிருந்து 1991 ஏப்ரலுக்குள் ஏறக்குறைய 1,22,000 பேர். இத்தனை பேரில் பள்ளிப் பருவத்தினர் எத்தனை பெரிய கூட்டமாக இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் இப்பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டதென்பதை நன்றியோடு சொல்லவேண்டும். கட்டணமில்லை; புத்தகம் உண்டு; 1982இல் தொடங்கிய சத்துணவும் அவர்களுக்கு உண்டு. அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் கையெழுத்திடாத ஒரு தேசத்தில், சட்டத்தின் நிர்ப்பந்தம் எதுவுமில்லாமல், தயவினால் மட்டும் இது நடந்தது. தயவினால் வந்தது தயவோடு போகவும் கூடும் என்பதைப் பிறகு பார்த்தோம்.

முதல் தொந்தரவு பஞ்சாங்கத்தில் இருந்தது. அங்கே பள்ளி வருஷம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். இங்கே ஜூனில் தொடங்கும். ஏழாம் வகுப்பைப் பாதி படித்துக்கொண்டிருந்தவன் இங்கே வந்து சேரும்போது எட்டாம் வகுப்பு ஆரம்பமாகியிருக்கும். அவனை எதில் சேர்ப்பது? டி.சி. எங்கே என்று அலுவலகத்தில் கேட்பார்கள். பள்ளிக்கூடமே எரிந்துபோன ஊரிலிருந்து வந்தவன் மாற்றுச் சான்றிதழுக்கு எங்கே போவான்? கடைசியில் தாசில்தார் அலுவலகத்துக் கடிதமும் தாயின் வாய்மொழியுமே ஆதாரமாயின. சந்தேகம் வந்தபோதெல்லாம் கீழ் வகுப்பில் போடுவதே பத்திரமென்று தலைமையாசிரியர்கள் கருதினார்கள். அதற்குமுன் பதுங்குகுழியிலும் இடம்பெயர்ந்த கொட்டகைகளிலும் ஓராண்டு, ஈராண்டு என்று படிப்பு அறுந்துபோயிருந்தபடியால், மீசை அரும்பிய பையன் ஒருவன் எட்டாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சியில், முழங்கால் மேசையில் இடிக்க, தன் தோளுயரமும் இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் காட்சி அக்காலத்தில் சாதாரணம். பாடம் புரியாமல் பள்ளியை விட்டு நின்றவர்களைக் காட்டிலும், இந்த வெட்கம் தாங்காமல் நின்றவர்கள் அதிகமென்பது என் அபிப்பிராயம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஈழத்துப் பிள்ளைகளுக்கு நம் பள்ளியில் பொருந்துவதில் சிரமமே இராது, அவர்களும் தமிழர்கள், நாமும் தமிழர்கள், பாஷை ஒன்று, சாமி ஒன்று, சாப்பாடுகூட ஏறக்குறைய ஒன்று என்று நாம் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையில் அன்பு இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையே அப்பிள்ளைகளின் சங்கடத்தை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது. வேறு பாஷை பேசுகிற பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்தால், அவனுக்குப் புரியவில்லையென்றால் பாஷையினால் என்று ஆசிரியர் உடனே கண்டுகொள்வார், பொறுமையாயிருப்பார். நம் பாஷையையே பேசுகிற பிள்ளைக்குப் புரியவில்லையென்றால், அவன் மந்தம் என்றோ கவனமில்லாதவன் என்றோ முடிவு கட்டிவிடுவார்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். காலாண்டுப் பரீட்சை முடிந்து, ஆசிரியர் அறையில் விடைத்தாள்கள் குவிந்து கிடந்த ஒரு மாலையில், என்னோடு பணியாற்றிய இளம் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஒரு தாளை என்னிடம் நீட்டி, "சார், இந்தச் சிலோன் பையனுக்கு ஸ்பெல்லிங்கே வராது போலிருக்கிறது" என்றார். தாள் முழுவதும் சிவப்பு மைக் கோடு. வாங்கிப் படித்தேன். இலை சூரிய ஒளியில் காபனீரொட்சைட்டை உள்வாங்கி ஒட்சிசனை வெளியிடுகிறது என்று தொடங்கி, ஒரு தவறுமின்றி, குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். கார்பன் டை ஆக்ஸைடு என்றும் ஆக்ஸிஜன் என்றும் நாம் எழுதுவதை அவன் படித்த புத்தகம் அப்படித்தான் எழுதும். ஹைட்ரஜன் அங்கே ஐதரசன். நைட்ரஜன் அங்கே நைதரசன். வேதியியல் அங்கே இரசாயனவியல், இயற்பியல் பௌதிகவியல், வடிவியல் கேத்திரகணிதம், இயற்கணிதம் அட்சரகணிதம். இச்சொற்களில் பல எனக்கு அந்நியமாக இல்லாமற்போனதற்குக் காரணம், நான் பையனாயிருந்தபோது நம் பள்ளிகளிலும் இரசாயனம், பௌதிகம் என்றே படித்தோம் என்பதுதான். நடுவில் நாம் மாற்றிக்கொண்டோம், அவர்கள் மாற்றவில்லை. விஷயத்தைச் சொன்னவுடன் அந்த இளைஞர் மிகவும் வருந்தி, மதிப்பெண்ணைத் திருத்திப் போட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் அதற்குமுன் எழுதிய தாள்களை யார் திருத்தினார்கள்? விடை தெரிந்தும் சொல்லுக்குப் பயந்து இடத்தை வெறுமனே விட்டுவிடும் வழக்கம் அவனுக்குப் படிந்துபோயிருந்தது; அதைப் போக்க நெடுநாள் ஆயிற்று.

பேச்சு விஷயம் இதைவிட நுட்பமானது. வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டால் வம்பில்லை. ஆனால் கேள்விக்குப் பதிலாக 'ஓம் சேர்' என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரிக்கும். நோட்டைக் 'கொப்பி' என்றாலும் சிரிப்பு. தலைமையாசிரியரை 'அதிபர்' என்றாலும் சிரிப்பு. நம் பிள்ளைகளின் சிரிப்பில் விஷமம் குறைவு, வேடிக்கை அதிகம். இருந்தாலும் சிரிக்கப்படுகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 'சிலோன்' என்பதே பெயராகிவிடும். ஆகவே சில மாதத்துக்குள் அப்பிள்ளைகள் இரண்டு தமிழைப் பழகிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் இதில் அதிசாமர்த்தியம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆசிரியையிடம் "ஆமா மிஸ், நாளைக்குக் கொண்டாந்துடறேன்" என்று அசல் தென்னார்க்காட்டு ராகத்தில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் திரும்பி, படியில் நின்ற தம்பியிடம் "கெதியா வா, நேரம் போட்டுது" என்றாள். அதைக் கேட்டு நான் வியந்தேன். பக்கத்தில் இருந்த அவளுடைய தாயார் வியக்கவில்லை. பள்ளிப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிடுமோ என்ற பயம் அந்த அம்மாளுக்கு.

மேலைநாடுகளுக்குப் போனவர்களின் பிள்ளைகளை இத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தபோது மீனவர்கள் கண்டு கரைசேர்த்த செய்தி உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப் போனவர்களும் பின்னால் போனவர்களும் பெருந்தொகையாக டொரோண்டோவில் குடியேறினார்கள். அங்கே குளிர் பெரிது, நிறம் வேறு, ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஒண்டாரியோ மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளில், ஆங்கிலம் தெரியாமல் வந்த மாணவருக்கென்று தனி ஆங்கிலப் பாடங்கள் உண்டு. பாஷை தெரியாததோடு இடையில் படிப்பும் அறுந்துபோனவர்களுக்கென்று அதற்கும் வேறாக ஓர் எழுத்தறிவுப் பாடத்திட்டம் உண்டு. இரண்டும் வேறு வேறு குறைகள் என்று அந்த மாகாணம் பிரித்தறிந்திருக்கிறது. ஜெர்மனியிலும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆயத்த வகுப்புகள் நடத்தினார்கள். அங்கெல்லாம் பிள்ளைகள் படித்து முன்னேறினார்கள். தமிழை வார இறுதிப் பள்ளிக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்பது உண்மையே. நம்மிடம் வந்தவர்கள் தமிழை இழக்கவில்லை. ஆனால் அவர்களுக்கென்று ஓர் ஆயத்த வகுப்போ, இரு நாட்டுப் பாடச் சொற்களையும் பக்கம் பக்கமாக வைத்த ஒரு தாளோகூட நான் வேலை பார்த்த பள்ளிகளில் இருக்கவில்லை. வேண்டியிருக்குமென்று எங்களில் யாருக்கும் தோன்றவேயில்லை.

இதே தமிழ்நாடு ஈழத்து அகதிகளுக்கு முன்பே பர்மாவிலிருந்து வந்தவர்களையும், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களையும் ஏற்றுக்கொண்டது. அவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடும் குடியுரிமையோடும் வந்தார்கள். தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்போடு நின்றுவிட்டபடியால், அப்பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி என்பதே புதிது. அது வேறு விதமான கஷ்டம், தனியாகப் பேசவேண்டியது.

முகாமிலிருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு வீடு என்பது பத்தடிக்குப் பத்தடி அறை. அடுத்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு தட்டி. அங்கே உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போடுவதென்பது சாமானிய காரியமன்று. இந்தக் குறையை நிவர்த்தி செய்தவர்கள் வெளியாட்கள் அல்லர். 1984இல் ஈழத் தமிழ்த் தலைவர் தந்தை செல்வாவின் புதல்வர் சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமுக்குள்ளேயே மாலை வகுப்புகளை ஏற்பாடு செய்தது. அங்கேயே இருந்த படித்த இளைஞர்களும் பெண்களும் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பகலில் பள்ளியில் நம் ஆசிரியர் சொன்னதை, மாலையில் தங்களுக்குப் பழகிய சொற்களில் மறுபடி கேட்கிற பாக்கியம் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்தது. எங்கள் பள்ளி செய்யத் தவறிய மொழிபெயர்ப்பு வேலையை, தமிழிலிருந்து தமிழுக்கு, அந்த மாலை வகுப்புகள் சத்தமில்லாமல் செய்தன என்றே நான் நினைக்கிறேன்.

மற்றொரு சங்கதி 'செக்கிங்'. அதிகாரிகள் வந்து குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு தலையெண்ணும் நாளை முகாமில் அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் அரசு தரும் பணக்கொடை நிற்கும், பெயரே அடிபடும். அதனால் செக்கிங் நாளில் முகாம் பிள்ளைகள் வகுப்பில் இருக்கமாட்டார்கள். காரணம் தெரியாத ஆசிரியர் மறுநாள் பெற்றோரை அழைத்துவரச் சொல்வார். காரணம் தெரிந்த ஆசிரியர் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காமல் விடப்படுவதும் பிள்ளைக்கு ஒருவகையில் அவமானந்தான்.

1991 மே 21ஆம் தேதிக்குப் பிறகு நேர்ந்த மாறுதலை நான் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நடந்த முன்னாள் பிரதமரின் கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? எம்.ஜி.ஆர். காலத்தில் தொழிற்கல்லூரிகளில் அகதி மாணவர்க்கென்று வைத்திருந்த இடங்கள் நின்றுபோயின. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகத் தடை வந்தது. மறுபடியும் 1996இல்தான் நிலைமை கொஞ்சம் தளர்ந்தது. நடுவிலிருந்த ஐந்தாண்டு என்பது, ஆறாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கிற காலம். விடுதலைப் போர், இயக்கம் என்ற சொற்களைக் கேட்டாலே அந்த ஆண்டுகளில் முகாம் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதுவரை சிரித்த வகுப்பு இப்போது சிரிக்கவில்லை, விலகி உட்கார்ந்தது. நான் அறிந்த ஒரு பள்ளியில், முகாம் பிள்ளைகளை முன்வரிசையிலிருந்து மாற்றி ஒரே பெஞ்சியில் உட்காரவைத்தார்கள். அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைச் செய்தவர் கெட்டவரல்லர், பயந்தவர்.

அக்காலத்தில் பள்ளியை விட்ட ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் போன இடம் பெயிண்ட் அடிக்கும் வேலை. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், புது வீட்டுச் சாரத்தின்மேல் நின்று சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவர்களில் முகாம் இளைஞர் ஒருவரையாவது காணலாம். அன்றாடம் கூலி, அதே நாளில் கையில் காசு. பிளஸ் டூ படித்து, மேலே கல்லூரி முடித்து, அதற்கப்புறமும் குடியுரிமை இல்லாததால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று மூத்தவனைப் பார்த்துத் தெரிந்துகொண்ட இளையவன், ஒன்பதாம் வகுப்பிலேயே பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் அவனை என்ன சொல்லிப் பள்ளிக்குத் திருப்பி அழைப்பது? பொருந்துவதற்கு ஒருவன் பிரயாசைப்பட வேண்டுமானால், பொருந்தியபின் தனக்கு ஓர் இடம் உண்டென்ற நிச்சயம் அவனுக்கு வேண்டும்.

இன்றைய நிலை பெரிதும் மாறியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றிற்று, ரூ.317 கோடியில் வீடுகளும், மாணவருக்கு உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழும் ஏறக்குறைய 58,000 பேரில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். 'ஓம்' என்ற சொல் அவர்களுக்குப் பாட்டி பேச்சு. பள்ளியில் அவர்களை அடையாளம் காணவே முடியாது, சாதிச் சான்றிதழ் கேட்கும் நாள் வரையில். அந்த நாளில், வகுப்பில் எல்லோரும் தாளைக் கொண்டுவந்து கொடுக்க, அவர்கள் மட்டும் கொடுக்க முடியாமல் நிற்கிறார்கள். பிறந்த தேதியும் அதேபோல் ஒரு வேலிதான்: 1987 ஜூலை 1க்குமுன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி பிறப்பினாலேயே இந்தியக் குடிமகன், அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ அதே முகாமில், அதே தாய்க்குப் பிறந்த தம்பி அப்படியல்லன். 2022 மார்ச்சு முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் மறுபடியும் சில குடும்பங்கள் தனுஷ்கோடியில் வந்திறங்கி மண்டபத்தில் தங்கின. அக்குடும்பத்துப் பிள்ளைகளும் பழைய பிள்ளைகள் கொண்டுவந்த அதே சொற்களோடுதான் வந்திருப்பார்கள்.

யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு, ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பியவர்களும் உண்டு. மன்னாரிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும் அவர்களுடைய பிள்ளைகள், நம் பாடநூல் கழகத்துப் புத்தகத்தைப் படித்துவிட்டு, இலங்கைப் பள்ளியில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே சிங்களம் இரண்டாம் மொழிப் பாடம். இவர்களோ அதில் ஓர் எழுத்தும் அறியாதவர்கள். எந்த வகுப்பில் சேர்ப்பதென்ற அதே கேள்வி, அதே சந்தேகம், அதே கீழ் வகுப்பு. இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமையும் பிறப்புப் பதிவும் பெற, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு நடக்கவேண்டும். இங்கே படித்ததற்கு ஆதாரம் நம் பள்ளிகளின் பதிவேடுதான். இந்தக் கூட்டத்தில் தலைமையாசிரியர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். முகாம் குடும்பம் ஒன்று புறப்படுவதற்குமுன் வந்து பதிவேட்டு நகலோ படிப்புச் சான்றோ கேட்டால், நாளை வா என்று சொல்லாமல், அன்றைக்கே முத்திரையிட்டுக் கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கப்பலும் விமானமும் நம் அலுவலக நேரத்துக்காகக் காத்திருப்பதில்லை.